ஒரு ஈட்டுக்கு ஆயிரத்து ஐம்பது துடிப்பு

அந்த பேக்கரியின் அடுப்பறையில் கடிகாரம் கிடையாது. முன்பு இருந்தது. தொழிலாளிகள் வேலையைப் பார்ப்பதை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் முதலாளிக்குத் தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி, தானே கழற்றிக்கொண்டு போய்த் தன் மேசைக்கு எதிரே மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கையில் வாட்ச் கட்டினால் மாவு ஒட்டும் என்று அதற்கும் தடை. செல்போனை வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். யாருடைய போனோ மாவோடு உருண்டு போய், அடுப்புக்குள்ளிருந்து மணியடித்த நாள் முதலாக அந்தச் சட்டம்.

கடிகாரம் போன மறுநாளே பன் கருகியது. முதலாளி கத்தினார். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் அடுத்த ஈடு பன்னை உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தி, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். ஆயிரத்து ஐம்பது துடிப்பு எண்ணி முடித்துக் கதவைத் திறந்தபோது பன் எல்லாம் தேன் நிறத்தில் சிரித்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் மறைந்தது. முதலாளி முதல் பேக்கிங் மேசைப் பெண்கள் வரை எல்லாருக்கும் அவர் நாடியார் ஆனார்.

பதினேழு வருடம் அந்த ஆயிரத்து ஐம்பது மாறவில்லை. அதற்காகப் பேக்கரியே கொஞ்சம் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. திட்டினால் நாடி ஓடும், எண்ணிக்கை சீக்கிரம் முடியும், பன் வெளுத்து வரும். ஆகவே ஈடு உள்ளே இருக்கும்போது நாடியாரை யாரும் திட்டக் கூடாது என்று முதலாளியே உத்தரவு போட்டார். சிரிக்க வைக்கவும் கூடாது. காலையில் வீட்டில் சண்டை போட்டால் முதல் ஈடு பாழாகும் என்று முதலாளி ஆள் விட்டுச் சொன்னதால், நாடியாரின் மனைவி சண்டைகளை எல்லாம் சேர்த்து வைத்து விடுமுறை நாளில் போட்டார்.

எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் பேச முடியாது. யார் என்ன கேட்டாலும் நாடியார் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். "பொறு, எண்ணிக்கை தப்பிடும்" என்பதுதான் அதற்கு அர்த்தம். கேட்டவர்கள் வேறு வேறாக எடுத்துக்கொண்டார்கள். மகளுக்கு வந்த வரனைப் பற்றி யோசனை கேட்ட மாவு பிசைகிறவர், ஒன்றே போதும், வேறு வரன் பார்க்காதே என்று புரிந்துகொண்டு கல்யாணத்தை முடித்தார். அது நல்லபடியாக அமைந்தும் விட்டது. அதற்குப் பிறகு நாடியார் நிறையத் தெரிந்த மனிதர் என்று பெயர் பரவியது. அவர் வாய் ஓயாமல் பேசக்கூடியவர் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். விடுமுறை நாளில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, ஆறு நாள் பாக்கியையும் பேசித் தீர்ப்பார்.

அப்படி இருந்தவருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் கண் மங்கியது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது, விட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி ஒரு சின்னக் குப்பி கொடுத்தார். காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு. சொட்டு விடும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். அவருடையது, குழம்பு ஊற்றினாலும் ஒரு கரண்டியோடு நிறுத்துகிற கை இல்லை. "ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு கன்னத்துக்கு வழிஞ்சிடுது. மருந்து உள்ள போக வேண்டாமா?" என்று இரண்டு மூன்று சொட்டாக விட்டார். நாடியாரும் கண்ணை மூடி அனுபவித்தார். குளுகுளுவென்று இருந்தது.

ஒரு மாதத்தில் பன்னின் ஓரம் சிவந்தது. அடுத்த மாதம் முதுகு கறுத்தது. அதன் பிறகு பன்னை மேசையில் போட்டால் சத்தம் கேட்டது.

முதலில் மாவுக்காரனைக் குற்றம் சொன்னார்கள். மாவை மாற்றினார்கள். பிறகு சர்க்கரையைக் குறைத்தார்கள். பிறகு மெக்கானிக் வந்து அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா வந்துட்டேன், எதையாவது மாத்திட்டுப் போறேன்" என்று சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார். இப்போது பன் கருகவில்லை. உள்ளே ஈரமே இல்லாமல் கல்லாகி வந்தது. மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டுப் பழைய சூட்டையே வைக்கச் சொன்னார்கள்.

பேக்கரியின் நிர்வாகத்தை அப்போதுதான் முதலாளியின் மருமகன் கையில் எடுத்திருந்தார். படித்தவர். பிரச்சினையை ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார். ஒருவர் அவர், இன்னொருவர் அவருடைய மாமனார், மூன்றாமவரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். குழு கூடி, பன் கறுப்பாக வருவதை நிறுத்த முடியாவிட்டால் அதைப் பெருமையாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தது. "ஆழமாகச் சுட்ட ஸ்பெஷல் பன்" என்று பத்தாயிரம் ஸ்டிக்கர் அடித்து வந்தது. முதல் நாள் ஜனங்கள் ஆவலாக வாங்கினார்கள். மறுநாள் ஆவலாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர் உடைந்த பல்லையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

"அண்ணே, கொஞ்சம் முன்னாடியே திறந்து பாருங்களேன்," என்று மாவு பிசைகிறவர் சொல்லிப் பார்த்தார். நாடியார் விரலை உயர்த்தினார். எண்ணி முடித்த பிறகு பதில் வந்தது. "பதினேழு வருஷமா ஆயிரத்து ஐம்பது. நடுவுல திறந்தா பன்னு அமுங்கிடும். தப்பு என் கையில இல்ல. வேற எங்கயோ இருக்கு."

அது உண்மைதான். ஆனால் யாரும் அந்த வேறு இடத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் முதலாளி, ஈடு உள்ளே இல்லாத நேரமாகப் பார்த்து, அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "நாடியாரே, வர்ற சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பன்னு பழைய நிறத்துக்கு வரலன்னா அடுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். உங்களை வெளியில அனுப்பமாட்டேன், பயப்படாதீங்க. வாசல் கேட்டுல காவலுக்கு நாற்காலி போட்டுத் தர்றேன்."

கேட்டு நாற்காலி என்றால் என்ன என்று நாடியாருக்குத் தெரியும். இதற்கு முன் அதில் உட்கார்ந்தவர், வருகிற வண்டிக்கெல்லாம் எழுந்து நின்று, வண்டியில் இருப்பவர் யார் என்று தெரியாமலே வணக்கம் வைத்தவர். பதினேழு வருடம் பேக்கரியே மூச்சடக்கிக் காத்திருந்த மணிக்கட்டு, இனிமேல் சங்கிலி இழுத்துக் கேட்டைத் திறக்க வேண்டும்.

ஆனால் வழக்கமாக வரவேண்டிய படபடப்பு அவருக்கு வரவில்லை. எதுவுமே வேகமாக வருவதில்லை இப்போதெல்லாம். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றார். உட்கார்ந்து எழுந்தால் கண் முன்னால் பூச்சி பறந்தது. அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்தும் கை சில்லென்று இருந்தது. மத்தியானம் மாவு மூட்டையில் சாய்ந்தால் தூக்கம் அமுக்கியது. வீட்டில், விடுமுறை நாளிலும் பேச்சு குறைந்தது. மனைவி அக்கம்பக்கத்தில், "இப்பத்தான் இவருக்கு நிதானம் வந்திருக்கு," என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். பேக்கரியில், பெரிய மனிதர்களுக்கு வயதானால் ஒரு அமைதி வரும் என்றார்கள். மருமகன் எல்லாரையும் நிற்க வைத்து, "நெருக்கடியிலயும் இவர் எப்படிப் பதறாம இருக்கார் பாருங்க," என்று அவரை உதாரணம் காட்டினார். எட்டு வாரமாக மூளைக்கு ரத்தம் பற்றாமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டாதவர் ஒருவர். பேக்கிங் மேசையின் கோடியில் சுவரோரமாக நிற்கும் அக்கா. தானாக முன்வந்து பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் கை ஓடுகிறபோது எண்ணுவார். ஆறாறு பன்னாகப் போட்டு பாக்கெட் ஒட்டுவது அவர் வேலை. ஒரு ஈடு உள்ளே போய் வெளியே வருவதற்குள், ஆறிய பன்னில் நாற்பத்தைந்து பாக்கெட் ஒட்டுவார். வருடக்கணக்காக நாற்பத்தைந்துதான். இரண்டு மாதமாக அது ஐம்பது, அறுபது என்று ஏறியது. தன் கை வேகமாகிவிட்டது என்று முதலில் அவர் உள்ளுக்குள் பெருமைப்பட்டார். எழுபத்தைந்து வந்த அன்று பெருமை பயமாக மாறியது. இந்த வயதில் யாருக்கும் கை அவ்வளவு வேகமாகாது என்று அவருக்குத் தெரியும்.

அதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், வியாழக்கிழமை, நாடியார் சுடு தட்டை வெளியே இழுத்தபோது தடுமாறினார். தட்டு கையிலிருந்து நழுவி அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கறுத்த பன்கள் கூழாங்கல் மாதிரி நாலா பக்கமும் உருண்டன. எல்லாரும் பன்னைப் பொறுக்க ஓடினார்கள். அக்கா மட்டும் நாடியாரைப் பிடித்து மூட்டைமேல் உட்கார வைத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கையைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

அக்கா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையைத் தன் கழுத்தில் வைத்தார். உதடு அசையாமல் எண்ணினார். "எனக்கு அஞ்சு அடிக்கிறப்ப உங்களுக்கு மூணுதான் அடிக்குது."

நாடியார் சிரித்தார். "உனக்குத்தாம்மா ஓடுது. பயந்த சுபாவம், அதான்."

"எனக்கு எப்பவும் இப்படித்தான்."

"அப்ப உனக்கு எப்பவுமே ஓடுது. டாக்டர்கிட்ட காட்டு."

மாவு பிசைகிறவர் தன் கையை நீட்டினார். அவருக்கும் ஓடியது. பிறகு பேக்கிங் பெண்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் ஓடியது. நாடியார் முகம் மாறியது. பதினேழு வருடம் பேக்கரிக்கே நேரம் காட்டிய நாடி அவருடையது. அதற்கு ஒத்துவராத நாடிகள் எல்லாம் நோய் நாடிகள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் நோய் என்றால் சின்ன விஷயமா. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே முதலாளி அறைக்குப் போனார்.

"முதலாளி, நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நாடி கெட்டுப்போயிருக்கு. தண்ணியில ஏதோ இருக்கு."

"என் கையைப் பாருங்க," என்றார் முதலாளி. இதுவரை தொழிலாளிகளுக்கு வந்த எந்த நோயையும் அவர் நம்பியதில்லை. தன் கை என்றதும் நம்பிக்கை வந்தது.

நாடியார் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க, பரவால்ல."

"பறக்குது முதலாளி."

அரை மணி நேரத்தில் முதலாளியின் கார் டாக்டரின் கிளினிக் வாசலில் நின்றது. சரியான நாடி எப்படி இருக்கும் என்று டாக்டருக்குக் காட்டுவதற்காக நாடியாரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். போகிற வழியில், மாலை மருந்து நேரம் தப்பிவிடும் என்று நாடியாரின் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டர் அறை இரண்டாவது மாடியில். தான் சாகக் கிடப்பதாக நினைத்த முதலாளி இரண்டு இரண்டு படியாக ஏறினார். ஆரோக்கியத்துக்கு அடையாளமாக வந்தவர் ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா முதலாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "எழுபத்தாறு. ஒண்ணும் இல்ல. அறுபதுல இருந்து நூறு வரைக்கும் இருக்கலாம்."

"எங்க நாடியார் பறக்குதுன்னு சொன்னாரே."

"யாரு நாடியார்?"

முதலாளி கைகாட்டினார். டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயர் மாட்டி ஈசிஜி எடுத்தார். சுருள் காகிதம் வெளியே வந்தது. ஒரு கோபுரத்துக்கும் அடுத்த கோபுரத்துக்கும் நடுவே வெற்று மைதானம்.

"நாற்பத்திரண்டு," என்றார் டாக்டரம்மா. "தலை சுத்துதா? மூச்சு வாங்குதா? மயக்கம் வந்துச்சா?"

"அது வயசும்மா."

"வயசு இல்ல. நாடி மெதுவா அடிக்கிறது மட்டும் நோய்னு சொல்லமாட்டேன். ஓட்டப் பந்தயக்காரங்களுக்கு ஐம்பதுக்குக் கீழ இருக்கும், ஒரு தொல்லையும் இருக்காது. தூங்குறப்ப எல்லாருக்கும் குறையும். ஆனா அந்த வேகத்துல தலைக்குப் போதுமான ரத்தம் போகுதான்னு பாக்கணும். உங்களுக்குப் போகல."

"ஏன் இப்படி ஆச்சு?"

"பல காரணம் இருக்கு. இதயத்தை அடிக்கச் சொல்ற ஒரு சின்ன இடம் நெஞ்சுக்குள்ள இருக்கு. வயசானா அது சோர்ந்து போகும். அங்கிருந்து வர்ற கட்டளை வழியில தடைபட்டும் போகலாம். உங்க படத்துல மறிக்கிற மாதிரி தெரியல. மாரடைப்பு வந்த இதயத்துக்கும் வரும், தைராய்டு குறைஞ்சாலும் வரும், ரத்தத்துல உப்புச் சத்து மாறினாலும் வரும். எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாப்போம். சில மாத்திரையாலயும் வரும். என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒரு மாத்திரையும் கிடையாது."

"பிரஷருக்கு?"

"கிடையாது. இந்த உடம்புல மருந்தே இறங்கினதில்ல," என்றார் நாடியார், படுத்தபடியே கொஞ்சம் நிமிர்ந்து.

"ஆமாங்கம்மா, சுத்தமான உடம்பு," என்றார் மனைவி. பிறகு பையைத் திறந்து குப்பியை எடுத்தார். "என்னங்க, ஆறு மணி ஆச்சு. கண்ணைத் திறங்க."

டாக்டரம்மா அந்தக் கையை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டார். குப்பியை வாங்கிப் படித்தார். "இது என்ன?"

"இது மருந்து இல்லீங்க. கண்ணுல விடற சொட்டு."

"எத்தனை விடறீங்க?"

"எழுதியிருக்கிறது ஒண்ணு. நான் அதை விட நல்லா விடறேன்."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "அம்மா, கண்ணுல விட்டது கண்ணோட நிக்காது. ஓரத்துல இருக்கிற ஓட்டை வழியா மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து ரத்தத்துல கலக்கும். இந்த வகைச் சொட்டு கண் அழுத்தத்தையும் குறைக்கும், நாடியையும் குறைக்கும். ஒரு சொட்டே சிலருக்கு ஒத்துக்காது. நீங்க வாரி வாரி விட்டிருக்கீங்க."

மனைவியின் கண்ணில் சொட்டு மருந்து இல்லாமலே நீர் வந்தது. நாடியார் கட்டிலில் இருந்து கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டார். "விடு. கேட்டு வாங்கிக்கிட்டது நான்தான். குளுகுளுன்னு இருந்துச்சு."

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் டாக்டரிடம் போனில் பேசி, பார்வைக்குக் கேடு வராதபடி வேறு வகைச் சொட்டு மாற்றினார்கள். அதையும் ஒன்றே ஒன்று விட்டு, கண்ணோரத்தை விரலால் அழுத்திப் பிடிக்க மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை. பழைய மருந்து உடம்பைவிட்டுப் போன பிறகும் நாடி ஏறாவிட்டால், துடிப்பைத் தட்டிவிட நெஞ்சில் ஒரு கருவி வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. தலைமாட்டுத் திரையில் பச்சை எழுத்தில் எண் தெரிந்தது. நாடியார் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாற்பத்து நான்கு. ஐம்பது. இரண்டாம் நாள் மாலை ஐம்பத்தெட்டு. மூன்றாம் நாள் அறுபத்தாறு வந்து நின்றது. நெஞ்சில் எதுவும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

பார்க்க வந்த மருமகன் டாக்டரம்மாவைத் தனியாக ஒதுக்கி, "ஒன்பதாயிரம் ஸ்டிக்கர் மிச்சம் இருக்கு. அது தீர்ற வரைக்கும், காலையில மட்டுமாவது அந்தப் பழைய சொட்டை..." என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா பார்த்த பார்வையில் அவருடைய நாடி ஓடியது.

நாடியார் திரும்பி வந்தபோது சனிக்கிழமை தாண்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. அடுப்பறைச் சுவரில், பழைய ஆணியில், கடிகாரம் மாட்டியிருந்தது. அவர் இல்லாத நாட்களில் மாவு பிசைகிறவர் அதைப் பார்த்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஈடு எடுத்திருந்தார். பன் தேன் நிறமாகத்தான் வந்திருந்தது. கேட்டில் நாற்காலியும் போட்டிருந்தது, புதுப் பிளாஸ்டிக் நாற்காலி.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மாவு பிசையவும் அடுப்பு பாக்கவும் ஒரே ஆளால முடியல. நீங்களே நில்லுங்க. ஆனா இனிமே கடிகாரம்தான். உங்க கையை நம்பி ரெண்டு மாசம் போச்சு. பழைய மாதிரி ஒரு ஈடு கருகினாலும் நாற்காலி ரெடியா இருக்கு."

நாடியார் தலையாட்டினார். அடுப்புக் கதவைச் சாத்தி, மூட்டைமேல் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். எண்ண வேண்டியதில்லை. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் அவர் வாய்க்கு விடுதலை கிடைத்தது. உடம்பிலோ புது ரத்தம் ஓடியது.

பேச ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த இருமலைச் செய்து காட்டினார். கண்ணின் ஓரத்தில் ஓட்டை இருப்பது யாருக்காவது தெரியுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மாவு பிசைகிறவர் மகள் கல்யாணத்தில் தான் உண்மையில் ஒரு யோசனையும் சொல்லவில்லை என்பதை விளக்கினார். அவர் மனம் உடைந்து அன்று மாவில் உப்புப் போட மறந்தார். மறுநாள் நாடியார் பேச்சு சிறு வயதுக்குப் போனது. மூன்றாம் நாள், தன் மாமனார் வழிச் சொந்தத்தில் எந்த ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, பேக்கிங் மேசையில் இரண்டு பெண்கள் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பேசுகிற சுவாரசியத்தில் நாடியார் கடிகாரத்தையும் மறந்தார். ஒரு ஈட்டின் ஓரம் சிவந்து வந்தது. முதலாளி வெளியே வந்து அதைப் பார்த்தார். கேட்டுப் பக்கமும் ஒரு முறை பார்த்தார். திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது பேக்கிங் அக்கா மட்டும் பின்தங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். இறங்கியபோது அவர் முந்தானை முடிச்சில் ஒரு பேட்டரி இருந்தது.

கடிகாரம் நின்றுவிட்டதை முதலாளிதான் முதலில் கண்டார். தட்டிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். "பாத்துப் பாத்தே தேய்ச்சுட்டாங்க," என்று சொல்லி, கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பக்கம் போனவர் திரும்பி, "எண்ணுங்க நாடியாரே, வேற வழியில்ல," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது நிம்மதி மாதிரிதான் தெரிந்தது.

நாடியார் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். ஒரு விரலை உயர்த்தினார். அடுப்பறை அமைதியானது. காதிலிருந்த பஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கா பன் எடுத்து பாக்கெட்டில் போட ஆரம்பித்தார், ஆறாறாக.

கதவு திறந்தது. தேன் நிறம்தான், ஓரத்தில் மட்டும் சிவப்பு ஒரு பொடி கூடுதல்.

"எத்தனை பாக்கெட்டும்மா?" என்று நாடியார் கேட்டார். அக்காவின் பாக்கெட் கணக்கு இப்போது அவருக்கும் தெரியும்.

"நாற்பத்தெட்டு."

"முன்ன நாற்பத்தஞ்சுல்ல?"

"நாற்பத்தெட்டு போதும்ணே. ஐம்பத்தஞ்சைத் தாண்டுச்சுன்னா உங்களைக் கேக்கமாட்டேன். நேரா டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போயிடுவேன்."

நாடியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நீளமாகச் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. அடுத்த ஈடு தயாராக நின்றது. தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஒன்று, இரண்டு, மூன்று.